வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் விளையாட்டுப் பை: 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு உள்ளே என்ன வைக்கலாம்?

கவுண்டன்யா கரை எழுதியது:

வேலூர் மாவட்டம் குடியாத்தம் வட்டத்தில் ஒரு பால்வாடி. 3 முதல் 5 வயது வரை 22 பிள்ளைகள். பெரும்பாலான வீடுகளில் அம்மா பீடி சுற்றுகிறார், அல்லது தறியில் உட்காருகிறார், அல்லது ஷூவின் மேல்பாகத் தையலை வீட்டுக்கு வாங்கிவந்து செய்கிறார். மாலையில் பிள்ளையோடு இருப்பது பாட்டியோ அக்காவோதான். வாரம் ஒரு பை வீட்டுக்குப் போய்த் திரும்பி வரவேண்டும் என்று திட்டம். மொத்தம் 8 பை, சுழற்சியில்.

நிபந்தனைகள் மூன்று. ஒரு பைக்கு 100 ரூபாய்க்கு மேல் ஆகக் கூடாது. படிக்கத் தெரியாதவரும் விளையாட்டை நடத்த முடியவேண்டும். ஒரு முறை விளையாட 15 நிமிடம் போதுமானதாக இருக்கவேண்டும். என்ன வைக்கலாம், எதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எங்கே தவறும் என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். "ஊக்குவியுங்கள்" என்ற மாதிரி பொதுவான சொல் வேண்டாம். அளவு, எண்ணிக்கை, முறை வேண்டும்.

---

புளியங்கொட்டை எழுதியது:

எண்ணிக்கைப் பையிலிருந்து தொடங்குங்கள் டீச்சர். செலவு கிட்டத்தட்ட இல்லை, பலன் பெரிது.

முட்டைக் கடையில் கிடைக்கும் 30 குழி அட்டையை எடுத்து, 2 வரிசைக்கு 5 குழி வீதம் மூன்று துண்டாக வெட்டுங்கள். ஓர் அட்டையில் மூன்று பைக்கு ஆயிற்று. முட்டை உடைந்து ஒழுகிய அட்டை வேண்டாம், அதில் கிருமி இருக்கும். சுத்தமானதைக் கேட்டு வாங்கி ஒரு நாள் முழு வெயிலில் காயவையுங்கள். இதோடு 12 புளியங்கொட்டை. பத்துக் குழிக்குப் பத்து, தொலைவதற்கு இரண்டு.

வரிசை முக்கியம். இதைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள்.

முதலில் எண்ணே சொல்ல வேண்டாம். ஒரு குழிக்கு ஒரு கொட்டை, அவ்வளவுதான். ஒரு குழியில் இரண்டு போகும், ஒரு குழி காலியாக நிற்கும். பெரியவர் கை நீட்டக் கூடாது. "எல்லாக் குழிக்கும் கெடச்சுதா பாரு" என்று மட்டும் கேட்கட்டும், பிள்ளையே கண்டுபிடித்துச் சரிசெய்யும். இது தடுமாறாமல் வந்தபிறகு, வைக்க வைக்க "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்வது. இங்கே வரும் தவறு வாய் வேகமாக ஓடி விரல் பின்தங்குவது. விரலால் சுட்டி எண்ணச் சொல்லாமல், கொட்டையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி எண்ணச் சொல்லுங்கள். நகர்த்தினால் விட்டுப்போவதும் இருமுறை எண்ணுவதும் தானாகக் குறையும்.

அடுத்தது, எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்பது. பிள்ளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். சோம்பேறித்தனம் இல்லை, கவனக்குறைவும் இல்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு... மூணு கொட்டை" என்று பெரியவர் அந்த மூணை அழுத்தி ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும்.

கடைசியில் "எனக்கு மூணு கொடு". நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளைகூட இதில் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். வாய்ப்பாடாக எண்ணைச் சொல்வது வேறு, எத்தனை என்று அறிவது வேறு. புளியங்கொட்டையில் மூணு, வெங்காயத்தில் மூணு, செருப்பில் மூணு என்று வெவ்வேறு நாளில் வெவ்வேறு பொருளில் சரியாக வந்தபிறகுதான் நாலுக்குப் போகவேண்டும். 3 வயதுப் பிள்ளை ஒன்று, இரண்டோடு நிற்பது இயல்பு. அவசரப்பட வேண்டாம்.

3 வயதுக்காரர்களுக்குக் கொட்டையே வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். அட்டையை மட்டும் அனுப்புங்கள். சமையலறையில் இருக்கும் எலுமிச்சையும் நடுத்தர வெங்காயமும் அந்தக் குழியில் சரியாக உட்காரும்.

இரண்டு வரிசை ஐந்தைந்தாக வெட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு இருந்தால் 5 வயதுப் பிள்ளைக்கு எண்ணாமலே "ஏழு" என்று கண்ணில் படும். மூன்று குழி காலி என்றால் பத்துக்கு இன்னும் மூன்று. கூட்டலும் கழித்தலும் இங்கேயே தொடங்கிவிடுகின்றன. பல்லாங்குழியில் பாட்டிகளுக்குப் பார்த்த மாத்திரத்தில் எண்ணிக்கை தெரிவதும் இதே பழக்கத்தால்தான். முழுப் பல்லாங்குழி 14 குழியோடு 5 வயதுக்குப் பிறகு ஆடலாம்.

---

பேரணாம்பட்டு சாலை எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று. நம் பக்கம் உருது, தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. எண்ணுவதை வீட்டு மொழியிலேயே செய்யச் சொல்லுங்கள். "எத்தனை" என்ற புரிதல் ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்குச் சொல் மட்டும்தான் புதிது.

ஆனால் ஒரு வேறுபாட்டை டீச்சர் தெரிந்துவைத்திருக்கவேண்டும். தமிழில் பதிமூணு என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் மூணும் கேட்கின்றன. உருதுவில் கியாரா, பாரா, தேரா என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல், உள்ளே பத்து ஒளிந்திருப்பது காதில் விழாது. அதனால் உருது வீட்டுப் பிள்ளை 11 முதல் 20 வரை கூடுதல் நாள் எடுத்துக்கொண்டால் மந்தம் என்று நினைக்கவேண்டாம். அந்த இடத்தில் முட்டை அட்டை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று நிறைந்தது, மற்றதில் மூணு என்று கண்ணால் காட்டுங்கள்.

---

ஊசிநூல் எழுதியது:

பையில் வைக்கக் கூடாதவற்றை எழுதுகிறேன். இதை அச்சடித்துக்கூட ஒட்டலாம்.

குன்றிமணி: சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறது என்று வைத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது கடும் நஞ்சு. மென்று விழுங்கினால் ஒன்றுகூட ஆபத்து. ஆமணக்கு, காட்டாமணக்குக் கொட்டைகளும் அப்படியே. வரப்பில் பொறுக்கிவரும் கொட்டை எதுவும், என்ன கொட்டை என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் பைக்குள் போகக் கூடாது.

தோல் துண்டு: ஷூ வேலை வீடுகளில் கலர் கலராகக் கிடைக்கும், ரகம் பிரிக்கும் விளையாட்டுக்குக் கை பரபரக்கும். வேண்டாம். பதனிட்ட ரசாயனமும் பசையும் ஒட்டியிருக்கும், பிள்ளை வாயில் வைக்கும். தறி வீட்டு நூல் துண்டு பரவாயில்லை, ஆனால் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றும்.

பீடித்தூள்: புகையிலை முறம் இருக்கும் இடத்தில் விளையாட்டு விரிக்கக் கூடாது. சின்னப் பிள்ளை கொஞ்சம் தூள் விழுங்கினாலே வாந்தி, மயக்கம் வரும். பீடி சுற்றிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாவையோ கொட்டையையோ தொடவேண்டும். அம்மா கட்டு எண்ணும்போது சத்தமாக எண்ணினால் பிள்ளை தள்ளி உட்கார்ந்து கேட்டே கற்றுக்கொள்ளும். அதற்குத் தடையில்லை.

பாட்டுப் பாடும் பொம்மை: உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். ஸ்க்ரூ போட்டு மூடாத பேட்டரிப் பொம்மை எதையும் அனுப்பாதீர்கள்.

பலூனும் வேண்டாம். வெடித்த துண்டு தொண்டையில் அப்பிக்கொள்ளும்.

மல்லாட்டை (நிலக்கடலை) உரிப்பது விரலுக்கு அருமையான பயிற்சிதான், ஆனால் 5 வயதுக்குக் கீழே முழுப் பருப்பாகத் தின்னக் கொடுக்கக் கூடாது. ஓடும்போதும் சிரிக்கும்போதும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உரிப்பதைப் பிள்ளை செய்யட்டும், பருப்பைப் பெரியவர் இடித்துக் கொடுக்கட்டும். தொண்டையில் ஏதாவது சிக்கினால் கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். பிள்ளையால் இரும முடிந்தால் இருமவிடுங்கள். முடியாவிட்டால் முன்னால் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் 5 முறை பலமாகத் தட்டுங்கள், கூடவே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இதைப் பெற்றோர் கூட்டத்தில் செய்து காட்டுங்கள்.

---

காட்பாடி ரயிலடி எழுதியது:

எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பக்கத்துத் தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் மூன்றரை வயதுப் பிள்ளை நோட்டில் அ, ஆ எழுதுகிறது. "பால்வாடிக்கு அனுப்பினா கொயந்த வெளையாடிட்டு மட்டும் வருது" என்கிறார்கள். கொட்டையும் மாவும் பையில் போனால் இந்தப் பேச்சு இன்னும் கூடாதா? எழுதவும் ஏதாவது வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

---

சிலேட்டுப் பலகை எழுதியது:

நியாயமான கேள்வி. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்குப் புரியும்படி காரணம் சொல்லவேண்டும்.

எழுத்து என்பது கோடுகளின் கூட்டு. பொதுவாக ஒரு பிள்ளை பார்த்து வரைய முடிவது இந்த வரிசையில்தான்: 3 வயது வாக்கில் வட்டம், 4 வாக்கில் கூட்டல் குறி, நாலரை, 5-இல் சதுரம், 5-ஐ ஒட்டி முக்கோணம். சாய்கோடு கடைசியில் வருகிறது. இப்போது 'அ' வைப் பாருங்கள்: சுழி, வளைவு, திரும்பல், நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்தில். வட்டத்தையே மூட முடியாத கையை அதில் இறக்கினால் பிள்ளை படத்தை வரைவதுபோல எங்கிருந்தோ தொடங்கி எப்படியோ முடிக்கும். பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கும். அந்தப் பிடியும் தப்பான திசையும் பழகிவிட்டால், ஒன்றாம் வகுப்பில் திருத்துவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரை ஒரே அடித்தள நிலை என்றுதான் சொல்கிறது, முதல் மூன்று ஆண்டுக்கு விளையாட்டே வழி.

ஆகவே எழுத்துக்கு முந்தைய கையை வலுப்படுத்தும் பை ஒன்று வைக்கலாம். அதைப் பெற்றோரிடம் "எழுதறதுக்கான பை" என்றே சொல்லிக் கொடுங்கள், பொய் இல்லை.

உள்ளே: துணி மாட்டும் கிளிப் 6, பழைய செய்தித்தாள், சின்ன சிலேட்டு, 2 அல்லது 3 செ.மீ. நீளத்துக்கு உடைத்த சாக்பீஸ். முழு சாக்பீஸைப் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும், சின்னத் துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். இந்தச் சின்னத் துண்டு 4 வயதுக்கு மேல் மட்டும். செய்தித்தாளை நீளநீளமாகக் கிழிப்பது இரண்டு கையும் எதிரெதிரே வேலை செய்யப் பழக்கும், கத்தரிக்கோலுக்கு முன்னால் இதுதான். வாசலில் அம்மா போடும் கோலத்தில் புள்ளி வைக்கும் வேலையைப் பிள்ளைக்கு விடலாம்: 3 வயதுக்கு 3 புள்ளி ஒரு வரிசை, 5 வயதுக்கு 3-க்கு 3. புள்ளிக்குப் புள்ளி கோடு சேர்ப்பது எந்தப் பயிற்சி நோட்டுக்கும் குறைந்ததில்லை.

மாவு: மைதா 2 டம்ளர், தூள் உப்பு 1 டம்ளர், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன். தண்ணீர் முக்கால் டம்ளரில் தொடங்கி, தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பிசையவேண்டும். கல் உப்பு போட்டால் கரையாமல் நறநறவென்று நின்று பிள்ளை கையில் உறுத்தும். ஒரு பிள்ளைக்கு ஒரு எலுமிச்சை அளவு போதும். மூடி இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் வரை வரும். கத்திரி வெயிலில் மேல்தோல் காய்ந்து வெடிக்கும், டப்பாவுக்குள் ஈரத்துணி வைக்கவேண்டும், வெடித்தால் இரண்டு சொட்டு எண்ணெய், கொஞ்சம் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறு: உப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், ஒரு கரண்டி மைதா சேர்க்கலாம், புளித்த வாடை வந்தால் தூக்கிப்போடுங்கள். உப்பு அதிகம் என்பதால் இது தின்னக் கூடாதது. வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் இந்த மாவுக்குப் பதில் அன்றன்றைக்குப் பிசைந்த சப்பாத்தி மாவு.

சாப்பாட்டுப் பொருளில் விளையாடுவது பாவம் என்று சில வீடுகளில் மனம் ஒப்பாது. அவர்களுக்குக் களிமண். மேல்மண்ணை ஒரு சாணுக்குத் தள்ளிவிட்டு எடுத்து, இரவு ஊறவைத்து, கல்லும் வேரும் பொறுக்கிப் பிசையவேண்டும். மாவைவிடக் களிமண் கடினம், அதனால் விரலுக்கு இன்னும் நல்லது.

---

காட்பாடி ரயிலடி எழுதியது:

வரிசை புரிந்தது. "எழுதறதுக்கான பை" என்று பெயர் வைப்பதை ஏற்கிறேன். வட்டம், கூட்டல் குறி, சதுரம் மூன்றையும் அட்டையில் வரைந்து உள்ளே வைத்துவிட்டால், பிள்ளை எதுவரை வந்திருக்கிறது என்று பெற்றோரே பார்த்துக்கொள்ளலாம்.

---

விடுகதைப் பாட்டி எழுதியது:

பேச்சுப் பையை மறந்துவிட்டீர்கள். எல்லாவற்றிலும் அதுதான் மலிவு: பழைய காலண்டர் படம் அல்லது மளிகைக் கடை விளம்பரத்தாள், அட்டையில் ஒட்டியது, 5. எழுத்து இல்லாத படமாக இருந்தால் நல்லது, படிக்கத் தெரியாத பாட்டிக்குக் கூச்சம் இருக்காது.

முறை இதுதான். "இது என்ன?" என்று ஒருமுறை கேட்கலாம், அதோடு நிறுத்தவேண்டும். அடுத்த கேள்வி ஒரு சொல்லில் முடியாததாக இருக்கட்டும்: "இந்த அம்மா எங்க போறாங்க?" கேட்டபின் மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருக்கவேண்டும். இதுதான் கடினம். பெரியவர்கள் இரண்டு நொடியில் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை "சந்தை" என்று ஒரு சொல் சொன்னால், "ஆமா, கத்திரிக்கா வாங்க சந்தைக்குப் போறாங்க" என்று நீட்டிச் சொல்லித் திருப்பிக் கொடுக்கவேண்டும். தப்பாகச் சொன்னாலும் "தப்பு" என்ற சொல் வேண்டாம், சரியான சொல்லை வாக்கியத்தில் வைத்துச் சொன்னால் காது எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று கைத்தட்டு. பெயரை அசை அசையாகப் பிரித்துத் தட்டுவது: அம்-மா இரண்டு, மல்-லாட்-டை மூன்று, கத்-தி-ரிக்-காய் நான்கு. நம் எழுத்து 'க', 'மா' என்று ஒலித்துண்டாகவே எழுதப்படுவது. ஆகவே காது முதலில் அசையைப் பிரிக்கப் பழகினால் பின்னால் எழுத்துக்கூட்டுவது எளிது. தமிழ், தெலுங்கு இரண்டுக்குமே இது பொருந்தும்.

---

கவுண்டன்யா கரை எழுதியது:

நன்றி எல்லோருக்கும். இரண்டு சிக்கல். ஒன்று, பெரிய அக்கா அண்ணன்கள் பதிலைச் சொல்லிவிடுகிறார்கள், பாட்டிகள் கையைப் பிடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு, அப்பாக்களிடம் பை போவதே இல்லை.

---

புளியங்கொட்டை எழுதியது:

அக்காவுக்கு வேறு வேலை கொடுங்கள்: "நீ டீச்சர். டீச்சர் பதில் சொல்லக் கூடாது, 'காட்டு பாக்கலாம்' மட்டும்தான் சொல்லணும்." 8, 9 வயதுப் பிள்ளைக்கு அந்த விதி பிடிக்கும், கறாராகக் கடைப்பிடிக்கும்.

பாட்டிக்கு, தவறைப் பொருளே காட்டிக்கொடுக்கும் விளையாட்டு. எவர்சில்வர் அடுக்கு டப்பா 5, கலைத்துப்போட்டு ஒன்றுக்குள் ஒன்று வைப்பது. சின்னதற்குள் பெரியது நுழையாது, யாரும் திருத்தவேண்டியதே இல்லை. 1939-இல் அடையாறு வந்து இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் கருவிகள் பலவற்றின் உள்தத்துவமும் இதுவே. நம் சமையலறை அலமாரியில் அது முன்பே இருக்கிறது. பாட்டியிடம் ஒரு வெற்றிலைச் செல்லத்தையோ ஜெபமாலையையோ தஸ்பி மணிமாலையையோ கையில் வைத்துக்கொள்ளச் சொன்னால் பிள்ளையின் கையைப் பிடிக்கமாட்டார். உண்மையாகவே உதவும்.

அப்பாவுக்கு உட்கார்ந்து ஆடும் பையைக் கொடுக்காதீர்கள், ஓடும் விளையாட்டைக் கொடுங்கள். கல்லா மண்ணா, கண்ணாமூச்சி, சைகை வந்ததும் சிலையாக நிற்பது. கல்லா மண்ணாவை எளிதாக்கி, 'கல்' என்றால் நின்று, 'மண்' என்றால் ஓடுவதில், ஓடத் துடிக்கும் காலைப் பிள்ளை தானே அடக்கப் பழகுகிறது. வகுப்பில் தன் முறை வரும்வரை காத்திருக்க இந்த அடக்கம்தான் வேண்டும். 3 வயதில் ஒரே விதி. 4 வயதில் தலைகீழ் விதி: 'கல்' என்றால் ஓடு. பிள்ளை தொடர்ந்து மூன்றுமுறை தடுமாறினால் பழைய விதிக்குத் திரும்புங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு, 3, 4 வயதுக்கு ஒரு நாளில் 180 நிமிடம் உடல் அசையவேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சுவாங்கும்படி. உட்கார்ந்து செல்போன், டி.வி. பார்ப்பது 1 மணி நேரத்துக்கு மிகக் கூடாது. 10 முதல் 13 மணி தூக்கம்.

பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் பேசிக் காட்டாதீர்கள். தரையில் பாய் விரித்து, பெற்றோரையே 10 நிமிடம் விளையாடவிடுங்கள். ஒருவர் பிள்ளையாக நடிக்கட்டும், ஒருவர் பெரியவர். ஐந்து எண்ணிக் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரியும்.

---

பாலாற்று மணல் எழுதியது:

சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஓடும் விளையாட்டு காலை 9-க்கு முன், மாலை 5-க்குப் பின். நடுப்பகலில் நிழலில் தண்ணீர் விளையாட்டு: அன்னக்கூடை, 200 மி.லி. டம்ளர், அரை லிட்டர் பாட்டில், புனல். "எத்தனை டம்ளர் ஊத்தினா பாட்டில் நெறையும்?" என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு ஊற்றிப் பார்ப்பது. இரண்டரை டம்ளர், அந்த "அரை" என்ற சொல் பிள்ளைக்கு அங்கே புரியும். பெரியவர் எழுந்து போகவேண்டியிருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போகவேண்டும். ஒரு சாண் தண்ணீரே சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. மீதியைச் செடிக்கு ஊற்றுங்கள், தேங்கினால் டெங்குக் கொசு.

---

கவுண்டன்யா கரை எழுதியது:

இப்படி வைத்துக்கொள்கிறேன்: எண்ணிக்கைப் பை 3, எழுதறதுக்கான பை 2, பேச்சுப் பை 2, அப்பா பை 1. அப்பா பையில் துணிப்பந்து ஒன்றும் விதி வரைந்த அட்டையும் மட்டும். டப்பாவும் அன்னக்கூடையும் அவரவர் வீட்டில் இருப்பதே. பொருள் தொலைந்தால் பெற்றோர் பயந்து பையை வாங்காமல் விடுவார்களோ என்பதுதான் கவலை.

---

ஊசிநூல் எழுதியது:

தொலைந்தால் காசு இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பையின் உள்மூடியில் பொருள்களின் படத்தை அதே எண்ணிக்கையில் வரைந்துவிடுங்கள்: 12 கொட்டைப் படம், 6 கிளிப் படம். திரும்பி வரும்போது பிள்ளையே ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு பொருளை வைத்துச் சரிபார்க்கும். அதுவும் எண்ணிக்கை விளையாட்டுதான், உங்களுக்கும் வேலை மிச்சம். துணிப்பை என்றால் துவைக்கலாம், ஞெகிழிப் பை வேண்டாம், தலையில் மாட்டிக்கொள்வார்கள்.

புளியங்கொட்டையைப் பச்சையாக வைக்காதீர்கள், இரண்டு மாதத்தில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். வெறும் வாணலியில் மிதமான சூட்டில் லேசாக வறுத்து, ஆறவைத்துப் போடுங்கள். அதிகம் வறுத்தால் தோல் வெடித்துக் கழன்றுவிடும், உடைந்த ஓடு கூர்மையாக இருக்கும். வெடித்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு 12 எண்ணிப் போடுங்கள்.